வீவக வீட்டுக்குப் புதுப் பூனை வருதா? முதல்ல ஜன்னலைப் பாருங்க!

வீவக வீடுகளில் பூனை வளர்க்க 1989இலிருந்து இருந்த தடை, 2024 செப்டம்பர் 1ஆம் தேதி நீங்கியது. இப்போது ஒரு வீட்டில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். தத்தெடுக்கப் போறீங்களா? உணவு, கிண்ணம், மணல் தட்டு எல்லாம் அப்புறம். பூனை வரும் முன்பே ஜன்னல்களுக்கு வலை போட்டிருக்க வேண்டும்.

"எங்கிருந்து விழுந்தாலும் பூனை காலூன்றி நிற்கும்" என்று சொல்வார்கள். பாதிதான் உண்மை. விழும்போது அது உடலைத் திருப்பிக்கொள்ளும். ஆனால் அந்த வேகத்தைக் கால்கள் மட்டும் தாங்காது. மார்பும் தாடையும் தரையில் மோதும், நுரையீரல் பாதிக்கப்படலாம். இதற்கு 'ஹை-ரைஸ் சிண்ட்ரோம்' என்று கால்நடை மருத்துவத்தில் தனிப் பெயரே உண்டு. தேக்கா நிலையத்தை ஒட்டிய பஃபலோ ரோடு புளோக்குகளின் மேல்மாடியில் நின்று கீழே பார்த்தால் புரியும்.

கழிப்பறை ஜன்னலைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வாசல் கேட்டின் கம்பி இடைவெளியும் அப்படித்தான். தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும்.

வந்த முதல் சில நாள் ஒரே அறை போதும். கட்டிலுக்கு அடியில் ஒளிந்தால் இழுக்காதீங்க, அதுவாகவே வரும். ஆனால் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் மருத்துவரைக் கேளுங்கள். பூனை சில நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரல் பாதிக்கப்படலாம்.

நம்ம வீடுகளுக்கே உரிய சில ஆபத்துகளும் உண்டு. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். அதனால் மீன் குழம்பில் பிசைந்த சோறு வேண்டாம். சாமிக்குச் சாத்தும் அரளிப்பூ இதயத்தைப் பாதிக்கும். லில்லிப்பூ அதைவிட மோசம்: மேலே ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் செயலிழக்கலாம்.

உரிமம் வாங்கியாச்சா? அதற்கு முன் செல்லப்பிராணி வளர்ப்பு பற்றிய இலவச இணையப் பாடத்தை முடிக்க வேண்டும். பூனைக்கு மைக்ரோசிப்பும் பொருத்த வேண்டும். தேசியப் பூங்காக் கழகம் கொடுத்த அவகாசம் 2026 ஆகஸ்ட் 31 வரை. அதன் பிறகு உரிமமில்லாமல் பூனை வளர்ப்பது குற்றம். எப்போதாவது கேட் வழியாக நழுவிப்போன பூனை யாருடையது என்று கண்டுபிடிக்கவும் அந்தச் சிப்தான் உதவும்.