தரைக்கு அடியில் நெருப்பு

பூலாம்பாடிக்காரர்களுக்குத் தரை என்றாலே குளிர்ச்சிதான். பச்சைமலை அடிவாரத்தில் சித்திரை, வைகாசி வெயில் பாறையில் அடித்துத் திரும்பி ஊருக்குள் இறங்கும் நாட்களில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பாயைக்கூட ஒதுக்கித் தள்ளிவிட்டு வெறுந்தரையில் முதுகைப் போட்டுப் படுக்கும் சுகம், ஊட்டியில் பங்களா வைத்திருப்பவர்களுக்குத் தெரியாது. சாணம் மெழுகிய மண் தரை ஒரு விதம். சிவப்புக் காவி தூவித் தேய்த்த சிமெண்டுத் தரை ஒரு விதம். சுண்ணாம்போடு கடுக்காய்ச் சாறும் வெல்லமும் சேர்த்து அரைத்துப் போட்ட பழைய காரைத் தரை, அது ராஜ விதம். எல்லாம் குளிர்ச்சியை உத்தேசித்துச் செய்தவைதாம். இப்படிப்பட்ட ஊரில் பிறந்தவனிடம் போய், சில தேசத்து ஜனங்கள் தரையைச் சூடாக்குவதற்கென்றே இரண்டாயிரம் வருஷமாகப் பாடுபட்டிருக்கிறார்கள் என்று சொன்னால் அவன் சிரிக்கமாட்டானா? நானும் சிரித்தேன். ஆனால் என் அண்ணன் மகன் ஒருவன் குளிர் தேசம் ஒன்றில் தரை போடும் தொழிலில் இருக்கிறான். அவன் சொன்னதைக் கேட்ட பிறகு சிரிப்பு அடங்கி, இதன் சரித்திரத்தைத் தேடிப் படிக்கலானேன்.

இதில் ரோமாபுரிக்காரர்களுடைய சாமர்த்தியத்தை முதலில் சொல்ல வேண்டும். அவர்களுடைய வெந்நீர் ஸ்நான மண்டபங்களில் தரை பூமியில் படியவே படியாது. இரண்டடி உயரத்தில் செங்கல் தூண்களை வரிசையாக நட்டு, அவற்றின் தலைமேல் அகலமான சுட்ட ஓடுகளைப் பரப்பி, அதற்கு மேல் காரை போட்டார்கள். வெளியே ஓர் அடுப்பு. அதன் அனலும் புகையும் தூண்களுக்கு இடையே புகுந்து புறப்பட்டு, சுவருக்குள் இருக்கும் பொந்துகள் வழியாக மேலே போகும். கிறிஸ்துவுக்கு முந்திய முதல் நூற்றாண்டில் வாழ்ந்த விட்ருவியஸ் என்ற கட்டடக் கலைஞர் இதற்கெல்லாம் கணக்கு எழுதி வைத்திருக்கிறார். தரைக்கு அடியில் உள்ள பள்ளம் அடுப்பைப் பார்த்துச் சரிந்திருக்க வேண்டுமாம். சரிவு சரிதானா என்று எப்படிப் பார்ப்பது? ஒரு பந்தை உள்ளே எறிய வேண்டும். அது எங்கும் நிற்காமல் அடுப்பு வாய்க்கே உருண்டு வந்துவிட வேண்டும். மேல்தளம் மூடிய பிறகு உள்ளே மனிதன் போய்ப் பார்க்க முடியாதல்லவா? பந்தைத்தான் அனுப்ப வேண்டும்! இந்த ஓர் இடத்தைப் படித்தபோது எனக்கு அந்த மனிதர்மேல் தனி மரியாதை பிறந்தது. மூடிவிட்டால் பார்க்க முடியாது என்ற பயம் தெரிந்தவர்தான் நல்ல கொத்தனார்.

நம் தேசத்துக்கு இந்த வித்தையை ஆர்ப்பாட்டத்தோடு கொண்டு வந்தவர்கள் மொகலாயர்கள். 1526-ல் பானிப்பட்டில் வென்ற பாபருக்கு ஹிந்துஸ்தானத்தில் குறைப்பட்டுக்கொள்ள ஒரு பெரிய ஜாபிதாவே இருந்தது. நல்ல குதிரை இல்லை, பனிக்கட்டி இல்லை, ஹமாம் என்னும் வெந்நீர்க் குளியலறை இல்லை என்று தம் நினைவுக் குறிப்புகளில் வரிசையாக எழுதிவிட்டு, ஆக்ராவில் தோட்டம் போட்டு ஹமாம் கட்டினார். வேடிக்கை என்னவென்றால், இங்கே தம்மை வாட்டுபவை வெயில், காற்று, புழுதி மூன்றும்தான் என்றும், மூன்றுக்கும் ஹமாமே மருந்து என்றும் அவரே எழுதுகிறார். குளிருக்காகப் பிறந்த வஸ்து நம் வெயிலில் வந்து வேறு உத்தியோகம் பார்த்திருக்கிறது! பதேபூர் சிக்ரியிலும் டில்லிக் கோட்டையிலும் அவருடைய சந்ததியார் கட்டிய ஹமாம்களை இன்றும் பார்க்கலாம்.

காஷ்மீரத்தில் அது பார்த்துவிட்டு வரும் பொருள் அல்ல, தினசரி உபயோகம். ஸ்ரீநகரத்தில் பல பள்ளிவாசல்களிலும் வசதியுள்ள வீடுகளிலும் ஹமாம் அறை உண்டு. கல் பாவிய தரை. அதன் அடியில் வெற்றிடம். வெளிப்புறமிருந்து விறகு தள்ள ஒரு வாய். நெருப்பின் மேலே ஒரு செப்புத் தொட்டி. விறகு எரிந்தால் கல்லும் சுடும், குளிக்க வெந்நீரும் கிடைக்கும். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, பெரியவர்கள் அந்தக் கல் தரையில் சம்மணம் கூட்டி உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். நம் ஊர்த் திண்ணையை அப்படியே அடுப்பின்மேல் தூக்கி வைத்ததுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் இந்தச் சரித்திரத்தின் நெஞ்சைப் பிசையும் அத்தியாயம் கொரியாவில் இருக்கிறது.

கொரியாக்காரர்கள் நம்மைப் போலவே தரையில் உட்காருகிறவர்கள், தரையில் உண்கிறவர்கள், தரையில் உறங்குகிறவர்கள். அவர்களுடைய சூட்டுத் தரைக்கு 'ஒண்டோல்' என்று பெயர். 'சூடான கல்' என்று அர்த்தம். சமையலறை அடுப்பில் சோறு வேகும். அதே நெருப்பின் புகை பக்கத்து அறையின் தரைக்கு அடியில் கட்டிய கால்வாய்களில் ஓடி, அந்தக் கோடியில் உள்ள புகைபோக்கியால் வெளியேறும். கால்வாய்களின் மேலே பலகைக் கல், கல்லின்மேல் களிமண், களிமண்ணின்மேல் எண்ணெய் ஊறிய காகிதம். அடுப்புக்குப் பக்கத்து மூலைதான் அதிகச் சூடு; அந்த இடம் வீட்டுப் பெரியவருக்கு, அல்லது விருந்தாளிக்கு. ஒரே விறகில் இரண்டு காரியம் செய்யும் இந்தச் சிக்கனத்தை நம் பாட்டிமார் பார்த்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள்.

1950 முதல் 1953 வரை நடந்த யுத்தம் இதைக் கெடுத்தது. மலைகள் மொட்டையாயின, விறகு வெட்டத் தடை வந்தது. பட்டணத்து ஜனங்கள் நிலக்கரித் தூளை அச்சில் இட்டு, நடுவே துளைகள் விட்டுச் செய்த கரிக்கட்டிக்கு மாறினார்கள். மலிவான சரக்கு, இரவு முழுதும் கனன்றுகொண்டிருக்கும். ஆனால் விறகுப் புகை கண்ணைக் கரிக்கும், இருமல் தரும், ஆளை எழுப்பிவிடும். கரிக்கட்டியிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடு என்ற வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தரைக் களிமண்ணில் மயிரிழைபோல ஒரு வெடிப்பு விட்டிருந்தால் போதும். அதன்மேல் படுத்துத் தூங்குகிறவர்களுடைய மூக்கு அந்த வெடிப்புக்கு நாலு விரற்கடை தூரத்தில் இருக்கிறது. 1960-களிலும் எழுபதுகளிலும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் குடும்பம் குடும்பமாக எழுந்திராமல் போனார்கள். குற்றுயிராகக் கிடந்தவர்களுக்கு முள்ளங்கி ஊறுகாய்த் தண்ணீரைப் புகட்டுவது கைவைத்தியம். அதனால் என்ன பிரயோஜனம்? தாய் மடிபோலச் சூடு கொடுத்த தரையே இப்படிச் செய்தது.

நெருப்பை வீட்டுக்கு அடியிலிருந்து வெளியேற்றிவிட்டு, அதன் சூட்டை மாத்திரம் உள்ளே கொண்டுவருவது எப்படி? தண்ணீரைத் தூது அனுப்பலாம். எங்கோ ஓர் அறையில் கொதிகலம். அங்கிருந்து வெந்நீரைச் சுமந்துகொண்டு ஒரு நீண்ட குழாய் தரைக்குள் பாம்புபோல் வளைந்து வளைந்து ஓடித் திரும்பும். குழாயைச் சுற்றிச் சிமெண்டுக் கலவை. கொரியாவின் புது வீடுகள் பிற்பாடு இந்த வழிக்கு வந்துவிட்டன.

மேல்நாட்டிலும் இந்த எண்ணம் முன்பே உதித்திருந்தது. இங்கிலாந்தில் பார்க்கர் என்ற பேராசிரியர் 1907-லேயே சிறு குழாய்களைப் புதைத்துச் சூடாக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட், தாம் ஜப்பானில் ஒரு பிரபுவின் மாளிகைக்கு விருந்துக்குப் போனபோது நடுங்க வைக்கும் குளிருக்குப் பிறகு ஒரு 'கொரிய அறை'யில் உட்காரவைக்கப்பட்டதாகவும், சூடு எங்கிருந்து வருகிறதென்றே தெரியாமல் பிரமித்ததாகவும் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1937-ல் மாடிசன் நகரத்தில் அவர் கட்டிய ஜேக்கப்ஸ் வீட்டில், தளத்துக்குக் கீழே சரளைக்குள் குழாய்களைக் கிடத்தினார்.

1947-ல் நியூயார்க்குக்குப் பக்கத்தில் லெவிட்டவுன் என்று ஓர் ஊரையே புதிதாகக் கட்டினார்கள். யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்காகப் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். கான்கிரீட் தளத்துக்குள் செப்புக் குழாய். குடிவந்தவர்களுக்குச் சொர்க்கம். சில பத்து வருஷங்களில் செம்பு அரித்தது. தரைக்குள் கசிவு எங்கே என்று கண்டுபிடிக்கச் சம்மட்டி எடுக்க வேண்டியதாயிற்று. பலர் அலுத்துப்போய், புதைந்த குழாயை அப்படியே சாகவிட்டுச் சுவரோரமாக வேறு ஏற்பாடு செய்துகொண்டார்கள். கொரியாவின் வெடிப்பு உயிரைக் குடித்தது. இது பணத்தைத்தான் குடித்தது. முன்னேற்றந்தானே!

அரிக்காத குழாய்க்கு வழி செய்தவர் தாமஸ் எங்கல் என்ற ஜெர்மானியர். 1968-ல் அவர் கண்ட முறையில், பாலிதீனின் இழைகளை ஒன்றோடொன்று குறுக்கே பிணைத்து, வெந்நீரைத் தாங்கும் பிளாஸ்டிக் குழாய் செய்தார்கள். நடுவில் ஒட்டே இல்லாமல் ஒரே குழாயாக நூறு மீட்டர் ஓட்டலாம். அரிப்புப் பயம் போயிற்று. ஆனால் செம்புக்கு இல்லாத ஒரு துர்க்குணம் இதற்கு உண்டு. அதைத்தான் என் அண்ணன் மகன், பொங்கலுக்கு வந்திருந்தபோது எனக்கு விளக்கினான்.

"கலவை ஊத்துனா பைப்பு மிதக்கும், சித்தப்பா" என்றான்.

"காலிக் குழாய் மிதக்கும். தண்ணீர் நிரம்பிய குழாய் எப்படியடா மிதக்கும்?"

"மிதக்கும். கணக்குப் போட்டுப் பாருங்க."

போட்டுப் பார்த்தேன். பதினாறு மில்லிமீட்டர்க் குழாய் ஒரு மீட்டர் நீளம் இருந்தால், அது ஒதுக்கித் தள்ளும் இடம் இருநூறு மில்லிலிட்டர். அவ்வளவு ஈரக் கலவையின் எடை நானூறு கிராமுக்கு மேல். குழாயும் உள்ளே இருக்கும் தண்ணீரும் சேர்ந்து இருநூறு கிராம். மீதி இருநூறு கிராம் மேல்நோக்கித் தள்ளுகிறது. தண்ணீர் இல்லாத குழாயானால் முந்நூறுக்கு மேல். ஓர் அறையில் நூறு மீட்டர் குழாய் ஓடினால் இருபது கிலோ எடை அதைத் தூக்கப் பார்க்கிறது என்று அர்த்தம். ஆர்க்கிமிடீஸ் குளியல் தொட்டியில் கண்டுபிடித்த விதி சிமெண்டுத் தொட்டியிலும் பொய்க்காது.

ஆகவே கலவை வருவதற்கு முந்திய நாள் வேலைதான் வேலை. கீழே குளிர் ஏறாமலும் சூடு இறங்காமலும் இருக்க நுரைப்பலகை. அதன்மேல் பிளாஸ்டிக் தாள். சுவரோரம் சுற்றிலும் மெத்தென்ற பட்டை. சூட்டில் தளம் விரிந்தால் சுவரை முட்டாமல் இருப்பதற்கு அது. பிறகு குழாயை ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாகவோ கூடவோ இடைவெளி விட்டு வளைத்து, கம்பி வலையில் கட்ட வேண்டும். அல்லது முள் வைத்த கொக்கிகளால் நுரைப்பலகையில் குத்தி இறக்க வேண்டும். நேராக ஓடும் இடத்தில் ஒன்றரை அடிக்கு ஒரு கட்டு. வளைவுகளில் நெருக்கமாக, ஏனென்றால் வளைத்த பிளாஸ்டிக் எப்போதும் நிமிரப் பார்க்கிறது, மாப்பிள்ளை முறுக்குப்போல! கட்டு இறுகவும் கூடாது. சூடேறினால் குழாய் நீளும். கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டினால் கம்பியே அதை அறுத்துவிடும். அதனால் பிளாஸ்டிக் வார்தான் போடுகிறார்கள்.

இவ்வளவும் ஆனபின் குழாயில் தண்ணீரை நிரப்பி, நாலு முதல் ஆறு பார் வரை அழுத்தம் ஏற்றி, முள் காட்டும் கருவியை மாட்டிவிடுவார்கள். ஆறு பார் என்றால் சுமார் இருநூறு அடி உயரத்துத் தண்ணீர் அழுத்துவதற்குச் சமம். தஞ்சைப் பெரிய கோவில் விமானம் 216 அடி, அதை நினைத்துக்கொள்ளுங்கள். கலவை கொட்டி முடியும் வரையில் அந்த அழுத்தத்தை இறக்க மாட்டார்கள். ஒருவன் மண்வெட்டி முனை பட்டுக் குழாய் கீறினால் முள் உடனே விழுந்து காட்டிக் கொடுத்துவிடும். அப்போது கலவை ஈரமாக இருக்கும், சரி செய்யலாம்.

"நம்ம ஊர்ல கூரை கான்கிரீட் போடுறப்ப எலெக்ட்ரீசியன் பக்கத்துலயே நிப்பாரே, அது மாதிரி நானும் நிப்பேன் சித்தப்பா" என்றான். "யாராவது பைப்பை மிதிச்சு ஒரு கட்டு விட்டுப்போச்சுன்னா, ஊத்துறதை நிறுத்தச் சொல்லுவேன். மேஸ்திரி திட்டுவாரு. திட்டட்டும்."

ஒரு கட்டு விட்டால் என்ன ஆகும்? குழாய் மேலே எழும்பி வந்துவிட்டால் அதன் தலைக்கு மேல் கலவை மெலிந்து, அந்த இடத்தில் தளம் வெடிக்கும். பின்னொரு நாள் வீட்டுக்காரர் கதவுக்குத் தடுப்புக் கட்டை அடிக்கத் துளை போடுவார். துளை நேரே குழாயில் இறங்கும். அதற்காகவே மூடுவதற்கு முன் குழாய் ஓடும் பாதையை அளந்து படம் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். தளம் போட்ட உடனே சூடேற்றவும் கூடாது. சிமெண்டுத் தளமானால் 21 நாள் பொறுக்க வேண்டும். பிறகு முதல் மூன்று நாள் 25 டிகிரி வெந்நீர், அப்புறந்தான் முழுச் சூடு. மனிதர் புழங்கும் இடத்தில் தரையின் மேற்புறம் 29 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்பது ஐரோப்பிய விதி. சித்திரை மாதத்தில் பூலாம்பாடித் தரை 29 டிகிரியில் இருந்தால் நாங்கள் அதைக் குளிர் என்போம்!

சிமெண்டு என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. எங்கள் வட்டாரத்துக்கு அது அந்நிய வஸ்து அல்ல. அரியலூர்ப் பூமியில் உள்ள சுண்ணாம்புக்கல், டைனோசர் காலத்துக் கடலின் அடியில் படிந்தது; கிளிஞ்சல்களின் கல்லான உருவம் இன்றும் அங்கே அகப்படுகிறது. பழைய திருச்சி ஜில்லாவின் டால்மியாபுரத்தில் 1939 முதல் சிமெண்டு செய்கிறார்கள். இத்தனை சிமெண்டு விளையும் சீமையில் தரைக்குள் குழாய் விடும் யோசனை யாருக்கும் வராததில் ஆச்சரியமில்லை. சூடு இங்கே யாருக்கு வேண்டும்?

ஆனால் குழாய்க்கு உள்ளே வெந்நீர்தான் ஓட வேண்டும் என்று சாஸ்திரமா இருக்கிறது? பாங்காக்கில் 2006-ல் திறந்த சுவர்ணபூமி விமான நிலையத்தில், அதே மாதிரி குழாய்களில் குளிர்ந்த நீரை ஓடவிட்டுத் தரையைக் குளிரச் செய்கிறார்கள். ஹைதராபாத்துக்கு அருகே போச்சாரத்தில் இன்போசிஸ் கம்பெனி 2011-ல் ஒரு கட்டடத்தை இரண்டு பாதியாகப் பிரித்துப் பரீட்சை செய்தது. ஒரு பாதியில் வழக்கமான குளிர்காற்று. மறு பாதியில் கூரைத் தளத்துக் கம்பிகளோடு குழாய்களைக் கட்டிக் கான்கிரீட் போட்டு, அதற்குள் குளிர்ந்த நீர். இரண்டாவது பாதிக்கு மின்சாரச் செலவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. சிக்கலும் உண்டு. காற்றில் ஈரம் மிகுந்தால், ஐஸ் தண்ணீர்ச் செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதுபோலத் தளம் வியர்த்துவிடும். காற்றைத் தனியே உலர்த்தித்தான் உள்ளே விட வேண்டும். பூலாம்பாடிக் கோடைக்காற்று அப்படி ஒன்றும் ஈரமானதல்ல. ஐப்பசி, கார்த்திகையில்தான் வம்பு.

இதையெல்லாம் அண்ணன் மகன் தன் தகப்பனாரிடமும் சொன்னான். அண்ணன் புது வீட்டுக்குக் கடைக்கால் எடுத்திருந்த சமயம். கூடத்துத் தரையில் மட்டுமாவது குழாய் ஓட்டி, கிணற்றுத் தண்ணீரைச் சுற்றிவிட்டுப் பார்க்கலாம், கட்டுகளைத் தன் கையாலேயே கட்டித் தருகிறேன் என்றான். அண்ணன் வெற்றிலையை மென்று முடிக்கிற வரைக்கும் பதில் சொல்லவில்லை.

"நீ கட்டுவே. சரி. லீவு முடிஞ்சு நீ பிளேன் ஏறிப் போயிடுவே. கலவை கொட்டுற அன்னிக்கு அந்தப் பைப்புக்குக் காவலா நிக்கிறது யாரு?"

ஊரில் இருக்கும் கொத்தனார்கள் பேரை அவன் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தான்.