மாட்டுத்தாவணியில் வாங்கிய துப்பறியும் நாவல்



போன வாரம் திருச்சிக்குப் போக மாட்டுத்தாவணி வந்தேன். பஸ் புறப்பட நேரம் இருந்ததால் ஒரு கடையில் புதிய துப்பறியும் நாவல் ஒன்று வாங்கினேன். மேலூர் தாண்டியதும் சலிப்புத் தட்டியது. துவரங்குறிச்சியில் மூடி வைத்துவிட்டேன்.

கதை மோசமில்லை, நடைதான் ஏமாற்றிவிட்டது. பக்கத்துக்குப் பக்கம் யாராவது அதிர்ச்சி அடைகிறார்கள். ஒரே பக்கத்தில் 14 ஆச்சரியக்குறிகள். எண்ணிப் பார்த்தேன், வாத்தியார் புத்தி போகுமா? கொலை மதுரையில் நடக்கிறதாம். தெருப் பெயரை மாற்றினால் எந்த ஊருக்கும் பொருந்தும்.

மீதிப் பயணம் முழுக்கப் பழைய எழுத்தாளர்களை நினைத்துக்கொண்டே போனேன்.

தமிழில் துப்பறியும் நாவலுக்கு நூறு வயது தாண்டிவிட்டது. ஜே.ஆர். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' 1908-இல் வந்தது. ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கிலக் கதைகளைத் தழுவி எழுதிக் குவித்தார். வடுவூர் துரைசாமி ஐயங்கார் படைத்த திகம்பர சாமியார் 1950-இல் சினிமாவுக்கும் வந்துவிட்டார்.

வடுவூரார் நடையில் வாக்கியம் நீண்டுகொண்டே போகும், வடசொல்லும் நிறைய. இன்று கண்ணால் படித்தால் மூச்சு வாங்கும். ஆனால் என் பாட்டி அவற்றைப் படித்தவர் அல்ல, கேட்டவர். திண்ணையில் ஒருவர் உரக்கப் படிக்க, வீடே சுற்றி உட்கார்ந்து கேட்கும். காதுக்கு அந்த நீளம் சுகமாக இருந்திருக்கிறது.

பிறகு தமிழ்வாணன் வந்தார். அவருடைய சங்கர்லால் நல்ல தமிழ் பேசினார். 1968-இல் குமுதத்தில் சுஜாதாவின் 'நைலான் கயிறு' வந்தது. வக்கீல் கணேஷ் அதில்தான் அறிமுகம். வாக்கியம் சுருங்கியது, வேகம் கூடியது. 1980-களில் ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர் போன்றோரின் மாத நாவல்கள் பஸ் ஸ்டாண்டு கடைகளில் தொங்கின. அவை பஸ்ஸில் படித்து முடிக்கும் அளவாகவே இருந்தன. ஆக, ஒவ்வொரு நடைக்கும் பின்னால் ஒரு வாசகர் இருந்தார். நான் வாங்கிய நாவலில் அந்த வேகம் இருக்கிறது, வாசகரைத்தான் காணோம்.

இதை எழுதும்போது ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த மாத நாவல்களை உங்கள் பைகளிலிருந்து எத்தனை பறித்திருப்பேன்! கடைசி பெஞ்சு மாணவன் ஒருவன் பாடப் புத்தகத்தில் நாலு வரி தடுமாறாமல் படிக்க மாட்டான். அவனிடம் பறித்த நாவலில் 60-ஆம் பக்கத்தில் அடையாளம் மடித்திருந்தது. 60 பக்கம் அவனே படித்திருக்கிறான்! அந்தச் சின்ன வாக்கியங்கள்தான் அவனுக்கு வாசிக்கக் கற்றுக் கொடுத்திருக்கின்றன. எனக்கு அது அன்று உறைக்கவில்லை. புத்தகத்தைத் திருப்பியும் தரவில்லை.

தம்பி, நீ இதைப் படித்தால் வீட்டுக்கு வா. ஒன்றுக்குப் பத்தாகத் தருகிறேன்.

நீங்கள் ஒளித்து வைத்துப் படித்த நாவல் எது? கீழே எழுதுங்கள். இனிமேல் பிரம்பு கிடையாது.

என்றும் அன்புடன்,
உங்கள் ஆசிரியர்