சிவப்பைத் தேடிப் போனவர்கள்

அந்தமானுக்கு வேலைக்கு வந்ததிலிருந்து, ஊரிலிருந்து வரும் விருந்தாளிகள் தவறாமல் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஃபோட்டோவுல பவளப்பாறை அவ்வளவு சிவப்பா இருந்துச்சே, உள்ளே போனா எல்லாம் நீலமால்ல இருக்கு?" ஹேவ்லாக் தீவில் (2018 முதல் சுவராஜ் த்வீப்) ஸ்கூபா முடித்துக் கரையேறியதும் வரும் சந்தேகம் இது.

ஏமாற்று வேலை ஒன்றுமில்லை. கடல்நீர் சிவப்பு வெளிச்சத்தைத்தான் முதலில் விழுங்கும். பத்து மீட்டர் இறங்குவதற்குள் சிவப்பு ஏறக்குறையக் காணாமல் போய்விடும். அதனால் கடலடிப் புகைப்படத்தின் வரலாறு என்பதே, வெளிச்சத்தைக் கையோடு கீழே கொண்டுபோகப் பாடுபட்ட கதைதான்.

1893-ல் பிரான்சின் தென்கோடியில், பன்யூல்ஸ் என்ற கடற்கரை ஊரில் இதைத் தொடங்கியவர் லூயி புடான் என்ற உயிரியலாளர். கனத்த தலைக்கவசமும் மேலிருந்து காற்று வரும் குழாயுமாக இறங்கினார். ஒரு படத்துக்கு அரை மணி நேரம்கூட ஆகுமாம். மீன் அதுவரை நிற்குமா? அதனால் ஒரு பீப்பாயின் மேல் கண்ணாடிக் கூண்டுக்குள் ஸ்பிரிட் விளக்கை எரியவிட்டு, அதில் மெக்னீசியம் பொடியை ஊதி, தண்ணீருக்கடியிலேயே மின்னல் உண்டாக்கிப் பார்த்தார்.

வண்ணம் வந்தது 1926-ல். அமெரிக்காவின் ஃபுளோரிடாவை ஒட்டிய டிரை டோர்ட்டுகாஸ் பவளத் தீவுகளில் லாங்லி என்ற விஞ்ஞானியும் சார்லஸ் மார்ட்டின் என்ற புகைப்படக்காரரும் ஒரு மிதவையில் மெக்னீசியம் பொடியைக் குவித்து, ஷட்டர் திறக்கும் நேரத்தில் வெடிக்க வைத்தார்கள். ஒருமுறை பொடி முன்னதாகவே வெடித்து லாங்லிக்குத் தீக்காயம். ஆனாலும் படம் கிடைத்தது. 1927 ஜனவரி நேஷனல் ஜியோகிராஃபிக் இதழில் உலகம் கடலடி வண்ணப் படத்தை முதன்முதலாகப் பார்த்தது.

1943-ல் கூஸ்தோவும் கான்யானும் அக்வாலங்கை உருவாக்கியதும் காற்றுக்குழாய் போனது, மனிதன் மீனைப்போல நீந்தினான். 1963-ல் நிக்கானோஸ் கேமரா கடைக்கு வந்தது. இதில்தான் 'மேக்ரோ' படங்கள் பலருக்கும் கைகூடின. சூத்திரம் எளிது. பொருளுக்குச் சில சென்டிமீட்டர் தூரத்தில் போய்விட்டால் நடுவில் தண்ணீரே இல்லாத மாதிரி, ஃபிளாஷ் வெளிச்சத்தில் சிவப்பு அப்படியே நிற்கும்! ஆனால் கேமரா வழியாக ஃபோகஸ் பார்க்க முடியாது. லென்ஸுக்கு முன்னால் ஒரு கம்பிச் சட்டம் நீட்டிக்கொண்டிருக்கும், அதற்குள் எது வருகிறதோ அதுதான் படம். ஒரு சுருளுக்கு 36 படம், தீர்ந்தால் மேலே வர வேண்டியதுதான்.

அந்தச் சட்டத்துக்குள்தான் பவளத்தின் நிஜ முகம் தெரிந்தது. பாறை என்று நாம் சொல்வது, சில மில்லிமீட்டர் அளவேயான உயிர்கள் கூடிக் கட்டிய வீடு. அவற்றின் உடலுக்குள் குடியிருந்து சோறு போடுவது நுண்ணிய பாசி. கடல் அளவுக்கு மீறிச் சூடானால் அந்தப் பாசி வெளியேறிவிடும், பவளம் வெளுத்துவிடும். சூடு நீடித்தால் செத்தும் போகும். 1998-ல் லட்சத்தீவில் பெரிய அளவில் நடந்தது இதுதான். 2010 கோடையில் அந்தமானில் நடந்தது, 2024-ல் மறுபடி லட்சத்தீவில்.

இதில் எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. முப்பது நாற்பது வருஷத்துக்கு முன் சிலரே எடுத்த படத்தை இன்று யாரும் எடுக்கலாம். அந்த வசதி வந்த அதே காலத்தில்தான் படத்தில் இருப்பது வெளுத்துக்கொண்டு வருகிறது.

விடுமுறைக்கு இங்கே வருகிற நண்பர்களுக்கு இரண்டு வேண்டுகோள். படத்துக்காகப் பவளத்தின் மேல் கையை ஊன்றாதீர்கள், கரையில் கிடக்கும் துண்டைப் பெட்டியில் போடாதீர்கள். 2001 முதல் பவளம் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. இன்னொன்று, எடுத்த படங்களில் எந்தத் தீவு, எந்த மாதம், எந்த வருஷம் என்று குறித்து வையுங்கள். அந்தப் பாறை முன்பு எப்படி இருந்தது என்று நாளைக்கு யாராவது கேட்டால் காட்டலாம்.