காவல்காரரே காசு கட்டணும்!

உங்கள் வீட்டில் திருட்டுப் போய்விட்டது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பீரோவில் இருந்த பத்துப் பவுன் நகையைக் காணோம். பதறியடித்து ஸ்டேஷனுக்கு ஓடுகிறீர்கள். இன்ஸ்பெக்டர் உங்களை உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, ‘‘கவலையே படாதீங்க சார்... திருடன் கிடைக்கலேன்னா நகையோட விலையை நானே கட்டிடறேன்’’ என்கிறார்!

சிரிக்காதீர்கள். சுமார் முந்நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பு, இதே சென்னைப்பட்டினத்தில் இதுதான் நடைமுறை!

1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே இடம் வாங்கி, கோட்டை கட்ட ஆரம்பித்தது. கோட்டைக்குள்ளே வெள்ளைக்காரர்கள். வெளியே, நெசவாளிகளும் வியாபாரிகளும் குடியேறிய ‘கறுப்பர் நகரம்’. கோட்டையைக் காக்க சிப்பாய்கள் இருந்தார்கள். வெளியே இருக்கிற ஜனங்களின் வீட்டையும் கடையையும் யார் பார்த்துக்கொள்வது? அதற்காகப் புதிதாக எந்த இலாகாவையும் கம்பெனி உருவாக்கவில்லை. ஏற்கெனவே உள்ளூரில் இருந்த பரம்பரைக் காவல் முறையை அப்படியே எடுத்துக்கொண்டது. அந்தக் காவல் தலைவருக்குப் பெயர் ‘பெத்த நாயக்’. தெலுங்கில் ‘பெத்த’ என்றால் பெரிய. அவருக்குக் கீழே தலையாரிகள். முதலில் இருபது பேர்தான். ஊர் பெருக்கப் பெருக்க, 1659-ல் ஐம்பது பேராக உயர்த்தப்பட்டார்கள்.

சம்பளம்? வரியில்லாத நெல் வயல்கள். அதோடு ஊருக்குள் வரும் நெல், மீன், எண்ணெய், பாக்கு போன்ற சரக்குகள் மீது ஒரு சின்னத் தீர்வை. நிபந்தனை மட்டும் கறாரானது. களவு போனால் கண்டுபிடித்துத் தரணும், முடியாவிட்டால் காவல்காரரே ஈடு கட்டணும்! ஜார்ஜ் டவுனின் மேற்குப் பாதிக்கு ‘பெத்தநாயக்கன்பேட்டை’ என்று பெயர் வந்தது இவரால்தான். அடுத்தமுறை பாரிமுனைப் பக்கம் போனால், அங்கே ஒருகாலத்தில் திருட்டுக்கு ‘கியாரன்டி’ கொடுத்த போலீஸ் இருந்ததை நினைத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனிக்காரர்களுக்கு இந்த விதி விநோதமாகத் தோன்றியிருக்காது. 1285-ல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட், ஒரு வட்டாரத்தில் கொள்ளை நடந்து குற்றவாளி பிடிபடாவிட்டால் அந்த வட்டாரமே ஈடுகட்ட வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தார். நம் நாட்டில் அது இன்னும் பழசு. வியாபாரியின் சரக்கு வழியில் களவு போனால் அந்தப் பகுதி அதிகாரி பொறுப்பேற்க வேண்டும் என்கிறது அர்த்தசாஸ்திரம். சோழர் கல்வெட்டுகளில் ‘பாடிகாவல்’ என்ற வரி வருகிறது. ஊர்க் காவலுக்காக ஜனங்கள் கட்டிய வரி அது. அதற்கும் முந்தைய மதுரைக்காஞ்சியில், இடுப்பில் நூலேணியைச் சுற்றிக்கொண்டு நடுராத்திரியில் கிளம்பும் திருடர்களும் வருகிறார்கள். மழை கொட்டினாலும் தூங்காமல் அவர்களைத் தேடித் திரியும் ஊர்க்காப்பாளர்களும் வருகிறார்கள்.

இந்த ஏற்பாட்டின் பலம் என்ன தெரியுமா? காவல்காரருக்குத் தெருவில் உள்ள ஒவ்வொரு முகமும் தெரியும். யார் வீட்டில் கல்யாணம், யார் வெளியூர் போயிருக்கிறார், புதிதாக வந்து திண்ணையில் படுத்திருப்பவன் யார்... எல்லாம் அவர் விரல் நுனியில். அசட்டையாக இருந்தால் அவருடைய நெல்லுதான் போகும்!

சரி, இவ்வளவு நல்ல முறை ஏன் அழிந்தது என்று கேட்பீர்கள். அதே விதிக்குள் ஒரு விஷமும் இருந்தது. அதைப் பார்க்க, சென்னையிலிருந்து நாம் தெற்கே மதுரை, நெல்லைச் சீமைக்குப் போகணும்.

அங்கே பாளையக்காரர்கள் காலத்தில் காவல் இரண்டு வகை. அந்தந்த ஊர்க் காவலுக்கு ‘ஸ்தலகாவல்’. ஒரு பெரிய பகுதி முழுவதற்கும் பாளையக்காரர் வசூலித்தது ‘தேசகாவல்’. ஒருவர் ‘நான் உன்னைக் காக்கிறேன்’ என்று பணம் வாங்கும்போது, ‘தராவிட்டால் என்ன ஆகும்?’ என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது இல்லையா? காவல் கூலி கொடுக்காத ஊரில் களவு அதிகமானது என்று கம்பெனி அதிகாரிகள் பக்கம் பக்கமாக எழுதிவைத்தார்கள். கம்பெனிக்குச் சொந்தக் கணக்கும் உண்டு. காவல் வரி யார் கையில் இருக்கிறதோ, அவர் கையில்தான் அதிகாரம், ஆள்பலம் எல்லாம். 1799-ல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டு, 1801-ல் பாளையக்காரர் போர் முடிந்ததும், ஆயுதங்களோடு சேர்த்து தேசகாவல் உரிமையையும் கம்பெனி பிடுங்கிக்கொண்டது. சென்னையில் பெத்த நாயக் பதவியும் 1806-ல் ஒழிந்தது.

பிடுங்கியதற்குப் பதிலாக என்ன வந்தது? இங்கேதான் கம்பெனி மகா தப்பு செய்தது.

1816-ல் போட்ட விதிப்படி, வரி வசூலிக்கும் தாசில்தாரே போலீஸுக்கும் தலைவர்! வரி கேட்கிறவர் கையிலேயே லத்தியும் இருந்தால் எப்படி இருக்கும்? விரல்களை நசுக்க ‘கிட்டி’ என்ற மரக்கருவி. கழுத்தையும் கால் விரலையும் கயிற்றால் இழுத்துக் கட்டி, குனிந்தபடி மணிக்கணக்காக வெயிலில் நிற்கவைப்பது... லண்டன் பார்லிமென்ட் வரை விஷயம் நாறிப்போய், 1854-ல் சென்னையில் ஒரு விசாரணைக் கமிஷன் போடப்பட்டது. அதன் பெயரே ‘சித்ரவதை கமிஷன்’தான்! எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்று மூன்று பேர். சில மாதங்களில் வந்து குவிந்த புகார்கள் 1,959. அதில் 519 பேர் நேரிலேயே வந்து நின்றார்கள். ரயில் இல்லாத காலம் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1855-ல் அறிக்கை வந்தது. 1859-ல் வருவாய்த் துறையிலிருந்து பிரித்துத் தனிப் போலீஸ் அமைக்கும் சட்டம் சென்னை மாகாணத்துக்கு வந்தது. இரண்டே வருடத்தில், 1861-ல், இந்தியாவுக்கே ஒரு போலீஸ் சட்டம். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்ற விதி இன்றைக்கும் இருக்கிறதே... அதற்குப் பின்னால் இருப்பது இந்த மாதிரி அடிபட்ட ஜனங்களின் கதறல்தான்.

ஆனால், புதிய போலீஸுக்கு லண்டன் தெருவில் ரோந்து போகும் போலீஸ் முன்மாதிரி இல்லை. அடங்காத அயர்லாந்தை அடக்கிவைக்க உருவாக்கிய ஆயுதப் போலீஸ்தான் முன்மாதிரி! ஆகவே, அது மேலே இருக்கிற சர்க்காருக்குப் பதில் சொன்னது. கீழே இருக்கிற தெருவுக்கு அல்ல. திருட்டுப் போனால் ஈடு கட்டும் பேச்சும் அதோடு போயே போச்சு.

ஸ்டேஷனோ பல மைல் தூரத்தில். எனவே மதுரைப் பக்க கிராமங்களில் பழைய காவல் முறையே தொடர்ந்தது. பல ஊர்களில் பிரமலைக் கள்ளர் சமூகத்தினர் பரம்பரையாக அந்தப் பொறுப்பில் இருந்தார்கள். வானம் பார்த்த பூமியில் அதுதான் அவர்களுக்கு நிலையான வருமானம். காணாமல் போன மாட்டைக் கண்டுபிடிக்க ‘துப்புக்கூலி’ என்று ஒன்று இருந்தது. துப்புச் சொல்பவருக்கு மாட்டின் விலையில் ஒரு பங்கைக் கொடுத்தால், மறுநாள் காலையில் குறிப்பிட்ட இடத்தில் மாடு கட்டிக் கிடக்கும். கோர்ட்டுக்கு அலைவதைவிட இது சுலபம் என்று பலர் பேசாமல் கொடுத்துவிட்டார்கள்.

பேசாமல் இருக்க முடியாத நாளும் வந்தது. 1896 வாக்கில் திண்டுக்கல் பக்கத்தில் அம்மையப்பக் கோன் என்பவர் ஒரு யோசனை சொன்னார். ஊரே சேர்ந்து ஒரு நிதி சேர்ப்போம். யாருடைய மாடு களவு போனாலும் அந்த நிதியிலிருந்து ஈடு கொடுப்போம். துப்புக்கூலியும் வேண்டாம், பழைய காவலும் வேண்டாம். யோசித்துப் பாருங்கள், நம் இன்ஷூரன்ஸ் மாதிரியேதான்! ‘ஃபண்ட்’ என்ற ஆங்கில வார்த்தை நாட்டுப்புறத்தில் ‘பண்டு’ ஆனது.

இதோடு நின்றிருந்தால் அது ஓர் அற்புதமான கதை. நிற்கவில்லை. ஊர் ஊராகப் பரவிய வேகத்தில் காவல்காரர்களை வேலையை விட்டு நீக்கியதோடு, அவர்களின் குடும்பங்களையே ஊரைவிட்டு விரட்டினார்கள். வீடுகள் கொளுத்தப்பட்டன. ‘பண்டுக் கலகம்’ என்றே சரித்திரத்தில் பெயர் விழுந்தது. தெருவைப் பாதுகாக்கக் கிளம்பிய கூட்டம், பக்கத்துத் தெருவுக்கு ஆபத்தாக மாறிய கதை இது.

அடுத்து சர்க்கார் செய்தது அதைவிடக் கொடுமை. வேலை இழந்தவர்களுக்கு வேறு பிழைப்புக்கு வழி செய்யாமல், ஒரு சமூகத்தையே குற்றவாளிகள் என்று முத்திரை குத்தியது. 1911-ல் சென்னை மாகாணத்துக்கு வந்த குற்றப் பரம்பரையினர் சட்டத்தை ஜனங்கள் ‘ரேகைச் சட்டம்’ என்றார்கள். எந்தக் குற்றமும் செய்யாதவரும் கைரேகை பதிய வேண்டும். ராத்திரியில் தன் வீட்டில் படுக்க உரிமை கிடையாது. ஸ்டேஷனிலோ சாவடியிலோ போய்த்தான் படுக்கணும். தலைமுறை தலைமுறையாக ஊர் தூங்கும்போது விழித்திருந்தவர்களின் பிள்ளைகளுக்கு இந்தக் கதி!

உசிலம்பட்டி பக்கத்தில் பெருங்காமநல்லூர். 1920, ஏப்ரல் 3. ரேகை வைக்க மாட்டோம் என்று மறுத்து நின்ற ஜனங்கள் மீது போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட பதினாறு பேர் செத்தார்கள். வக்கீல் ஜார்ஜ் ஜோசப் இந்த மக்களுக்காக வாதாடினார். அவரை அவர்கள் அன்போடு ‘ரோசாப்பூ துரை’ என்று அழைத்தார்கள். அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் ரத்தானது 1947-ல்தான்.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். ராத்திரி விசில் ஊதிக்கொண்டு போய், மாதக் கடைசியில் வந்து தலையைச் சொறியும் கூர்க்கா, அபார்ட்மென்ட் வாசலில் ‘செக்யூரிட்டி’, முச்சந்தியில் கேமரா... எல்லாம் அந்தப் பழைய பாடிகாவலின் பேரன், பேத்திகள்தான். போலீஸும் தெருவோடு கைகோக்க முயன்றது உண்டு. 1993-ல் ராமநாதபுரத்தில் எஸ்.பி-யாக இருந்த பிரதீப் வி. பிலிப், ‘ஃபிரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ என்ற அமைப்பை ஆரம்பித்தார். உள்ளூர் இளைஞர்கள் போலீஸுக்கு உதவ வேண்டும், போலீஸும் ஜனங்களிடம் நெருங்க வேண்டும் என்பது நோக்கம். மாநிலம் முழுக்கப் பரவியது. 2020 ஜூனில், சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு இறந்த கொடுமை நடந்தது. இந்தத் தொண்டர்களுக்கும் அதில் பங்கு உண்டு என்று புகார் கிளம்பியது. அமைப்பு மறுத்தது. ஜூலையில் அரசு அந்த அமைப்பையே தடை செய்துவிட்டது.

பெத்த நாயக் காலத்திலிருந்து இதுவரை ஒரே கேள்விதான் சுற்றிச் சுற்றி வருகிறது. காவல்காரர் நல்லவரா, கெட்டவரா என்பதல்ல அது. அவர் யாருக்குப் பதில் சொல்லணும்? அவர் தவறினால் நஷ்டம் யாருக்கு? தவறினால் தன் நெல் போகும் என்றபோது காவல்காரர் விழித்திருந்தார். கேள்வி கேட்க ஆளில்லாதபோது கிட்டி வந்தது.

2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதைத்தான் தொட்டது. போலீஸ் மீதான புகார்களை விசாரிக்க மாநிலத்திலும் மாவட்டத்திலும் தனி ஆணையம் வேண்டும், ஓய்வுபெற்ற நீதிபதி அதற்குத் தலைவராக இருக்க வேண்டும் என்றது. தமிழ்நாடு 2013-ல் சட்டம் இயற்றியது. அதில் யாரைத் தலைவராக்கினார்கள் தெரியுமா? மாநிலத்தில் போலீஸ் இலாகாவைக் கவனிக்கும் உள்துறைச் செயலாளர்! மாவட்டத்தில் கலெக்டர். கூட உறுப்பினர்களாக போலீஸ் அதிகாரிகளே!

சரி, நீங்களும் நானும் என்ன செய்யலாம்? ஊருக்குக் கிளம்பும்போது ஸ்டேஷனில் தகவல் சொல்லிவிட்டுப் போங்கள். புகார் கொடுத்தால் எஃப்.ஐ.ஆர். நகலைக் கேட்டு வாங்குங்கள். இலவசமாகத் தரவேண்டும் என்பது சட்டம். எதிர்வீட்டுக்காரர் பெயரைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவுக்கு ரோந்து வருகிற போலீஸ்காரர் பெயரையும்தான்.

அவருக்கும் உங்கள் பெயர் தெரிந்திருந்தால், பெத்தநாயக்கன்பேட்டையில் தொலைத்த ஏதோ ஒன்றில் பாதியைத் திரும்பப் பெற்றுவிட்டோம் என்று அர்த்தம்!