கிழித்த தொம்பையும் பினாங்கு மெழுகு ஓவியமும்



முதலில் நாங்கள் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறோம். திருவிழாவுக்கு முன்னாடி ஸ்டோர் ரூமைச் சுத்தம் செய்தபோது, அலமாரிக்கு அடியில் பழைய துணி மூட்டை ஒன்று கிடந்தது. எண்ணெய்ப் பிசுக்கும் சாம்பிராணிப் புகையும் ஏறிக் கறுத்துப் போயிருந்தது. குத்துவிளக்கு துடைக்க ஆகும் என்று கிழிக்க ஆரம்பித்துவிட்டோம். மூன்றாவது துணியில் கை வைக்கும்போதுதான் எங்களில் மூத்தவர் ஒருவர் "நிறுத்துங்கப்பா!" என்று சத்தம் போட்டார். விரித்துப் பார்த்தால் யாளி முகம், அன்னப்பட்சி வரிசை, பூக்கொடி. எல்லாம் கையால் எழுதியது. தேரில் குழல் மாதிரி தொங்கவிடுவோமே, அந்தத் தொம்பை. இரண்டு போய்விட்டது, இரண்டுதான் மிச்சம்.

விஷயம் தெரிந்ததும் பலர் எங்களிடம் கேட்டது ஒரே கேள்வி: "பழசுதானே, புதுசா பிரிண்ட் அடிச்சு மாட்டிக்கலாமே?" அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

இந்தத் துணி வேலைக்குக் கலம்காரி என்று பெயர். தஞ்சை நாயக்கர் காலத்திலிருந்து கோயிலுக்காகவே வளர்ந்த கலை. கும்பகோணம் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டை, கொள்ளிடக் கரைப் பக்கம் கருப்பூர் ஆகிய ஊர்களில் இதற்கென்றே குடும்பங்கள் இருந்தன. துணியைக் கடுக்காய்ச் சாற்றில் நனைத்துக் காயவைப்பார்கள். மூங்கில் குச்சியைச் சீவி, அதையே எழுதுகோலாக வைத்துக்கொண்டு வரைவார்கள். இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்த தண்ணீர்தான் கறுப்பு மை. சிவப்புக்குப் படிகாரமும் சாயவேரும். இப்படித்தான் தேருக்குத் தொம்பை, சந்நிதிக்குத் திரைச்சீலை, சுவாமி தலைக்கு மேலே விதானம் எல்லாம் வந்தன.

அதே கோடாலிக்கருப்பூரில் இன்னொரு அதிசயமும் நடந்தது. தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்காக ஒரு புதுப் பாணிப் புடவையை உருவாக்கினார்கள். பருத்தியோடு தங்கச் சரிகை கலந்து நெய்து, அதற்கு மேல் மெழுகால் எழுதிச் சாயத்தில் முக்குவார்கள். மெழுகு இருக்கும் இடத்தில் சாயம் ஏறாது. கடைசியில் பார்த்தால் கருஞ்சிவப்புக்கு அடியில் தங்கம் மினுங்கும். நெசவும் ஓவியமும் ஒரே துணியில். ஆனால் 1855-இல் கடைசி மன்னர் சிவாஜி ஆண் வாரிசில்லாமல் இறந்தார். அரண்மனை போனது, ஆர்டரும் போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் அந்தப் புடவை நின்றே போய்விட்டது. இன்று பழைய புடவைகளை மியூசியத்தில்தான் பார்க்கலாம்.

எங்களைப் போல ஃபேக்டரியில் வேலை செய்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். மிஷின் நன்றாக இருக்கும், ஆளும் கெட்டிக்காரராக இருப்பார். ஆர்டர் இல்லையென்றால் லைன் நின்றுவிடும்.

இனி நம்ம பினாங்குக்கு வருவோம். சோழமண்டலக் கரைத் துணிகள் கப்பலேறி இந்தப் பக்கம் வந்தது மிகப் பழைய கதை. மலாய்க்காரர்கள் கட்டும் கட்டம் போட்ட கைலிக்கு 'காயின் பெலிக்காட்' என்று பெயர் வந்ததே சென்னைக்கு வடக்கே இருக்கும் பழவேற்காட்டால்தான். வெள்ளைக்காரன் அதைப் 'புலிக்காட்' என்பான். மெழுகு வைத்துச் சாயம் போடும் வேலையை ஜாவாக்காரர்கள் பாத்திக் என்ற பெயரில் உச்சத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆனால் அது உடுத்தும் துணியாகவே இருந்தது.

அதைச் சுவரில் மாட்டும் ஓவியமாக மாற்றிப் பெயர் வாங்கியவர் நம் பினாங்குக்காரர், சுவா தியன் தெங். சீனாவின் ஃபூஜியனில் பிறந்தவர், ஓவியம் படித்தவர். சண்டை முடிந்த பிறகு இங்கே ஒரு பாத்திக் ஃபேக்டரி வைத்தார். அது நொடித்துப் போனது. கையில் மிஞ்சியது சாயமும் மெழுகும் துணியும்தான். வேறொருவர் என்றால் எடைக்குப் போட்டுவிட்டுப் போயிருப்பார். இவர் 1950-களின் தொடக்கத்தில் அந்த மிச்சச் சாமானை வைத்தே படம் வரைய ஆரம்பித்தார். அம்மாவும் பிள்ளையும், மீனவர்கள், கம்பத்துப் பெண்கள், இப்படிக் கண்ணெதிரே பார்த்த வாழ்க்கைதான் அவருக்கு விஷயம்.

சொல்ல சுலபம், செய்வது கஷ்டம். எண்ணெய் வர்ணத்தில் தப்பு வந்தால் மேலே பூசி மறைக்கலாம். மெழுகில் முடியாது. எது வெள்ளையாக இருக்க வேண்டுமோ அதை முதலில் மெழுகால் மூட வேண்டும். பிறகு மஞ்சளில் முக்கி, மஞ்சளாகவே நிற்க வேண்டிய இடத்தை மூட வேண்டும். இப்படி வெளிர் நிறத்திலிருந்து கருமைக்குப் படிப்படியாகப் போய், கடைசியில் வெந்நீரில் போட்டு மெழுகை எடுத்தால்தான் முழுப்படம் தெரியும். மெழுகு சூடு அதிகமானால் ஓடிவிடும், குறைந்தால் துணியின் மறுபக்கம் இறங்காது. மெழுகு வெடித்தால் சாயம் புகுந்து கோடு கோடாக நிற்கும். ஓவியத்தில் அந்தக் கோடே ஓர் அழகு.

1968-இல் ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப் அவர் ஓவியத்தை வாழ்த்து அட்டையில் போட்டது. 1987-இல் மறுபடியும். அவர் பிள்ளைகளும் அதே கலையில் இறங்கினார்கள். பத்து பெரிங்கியில் அந்தக் குடும்பத்தின் யாஹோங் கலைக்கூடத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அவர் 2008-இல் மறைந்தார். ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நகரமான அதே ஆண்டு. அவர் பாணி நிற்கவில்லை. இன்றும் நாடு முழுவதும் பாத்திக் ஓவியர்கள் இருக்கிறார்கள்.

இரண்டு இடத்திலும் அதே மெழுகு, அதே சாயம், அதே திறமை. கோடாலிக்கருப்பூர் பாணி ஒரே அரண்மனையை நம்பி இருந்தது, அதோடு போனது. பினாங்குப் பாணியை ஊரே வாங்கியது, வீட்டில் மாட்டியது, பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள், அதனால் நிலைத்தது. கலையை உண்டாக்குவது கலைஞன்தான். உயிரோடு வைத்திருப்பது கேட்டு வாங்குகிற ஜனம்.

தொம்பைக்கு அரண்மனை கிடையாது. அதைக் கேட்டு வாங்குவது ஆலயம், அதாவது நாம்தான். கருப்பூர் கலம்காரிக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எழுதுகிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன, ஆனால் ரொம்பக் கொஞ்சம். நாமும் பிரிண்ட் துணிக்குப் போய்விட்டால் அவர்கள் யாருக்காக எழுதுவார்கள்?

அதனால் நிர்வாகத்திடம் இரண்டு வேண்டுகோள் வைத்திருக்கிறோம். ஒன்று, மிச்சமுள்ள இரண்டு தொம்பைகளையும் வெயில் படாமல், மடிக்காமல், சுருட்டி வைக்க வேண்டும். இரண்டாவது, அடுத்த தேருக்கு ஒரு ஜோடியாவது கையால் எழுதியதை ஆர்டர் கொடுக்க வேண்டும். செலவு அதிகம்தான், அன்பர்கள் கைகொடுத்தால் முடியும். பாத்திக் கற்ற நம் இளையோர் யாராவது சுவாமிக்கு மெழுகில் ஒரு விதானம் எழுத முன்வந்தால், அதைவிடச் சந்தோஷம் வேறில்லை.

உங்கள் வீட்டிலும் தாத்தா பாட்டி கொண்டுவந்த பழைய கோயில் துணி இருக்கலாம். தயவுசெய்து விரித்துப் பார்க்காமல் கிழிக்காதீர்கள். நாங்கள் கிழித்த துண்டுகளைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. துவைத்துக் காயவைத்து வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் ஆலயத்துக்கு வந்தால் காட்டுகிறோம்.

முருகன் துணை.