கம்பி என்றாலே இரும்பு இல்லை மக்களே!

புனே வந்து பொண்ணுக்கு வாங்கிய முதல் கிடார். மூன்றே மாதத்தில் பிரிட்ஜ் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. கம்பி அறுந்ததென்று கடையில் கொடுத்தேன். நைலான் கிடாரில் ஸ்டீலை மாட்டிவிட்டார் புண்ணியவான். அந்தக் கடுப்பில் தோண்டிய சரித்திரம் இது.

இன்றைய கிளாசிக்கல் கிடாருக்கு உருவம் கொடுத்தவர் ஸ்பெயின்காரர் அந்தோனியோ தெ தோரெஸ். அடிப்படையில் தச்சர். 1862இல் முதுகும் பக்கமும் வெறும் காகித அட்டையில் ஒரு கிடார் செய்தார்! ஒலிக்கு உயிர் மேல்பலகைதான் என்று காட்டத்தான். அந்தப் பலகை மெல்லிசு. உள்ளே விசிறி மாதிரிச் சட்டங்கள். மாட்டியது ஆட்டுக்குடல் நரம்பு.

இரண்டாம் உலகப் போரில் குடல் நரம்பு காயம் தைக்கப் போய்விட, தட்டுப்பாடு. 1940களில் நியூயார்க்கின் ஆல்பர்ட் அகஸ்டின் நைலானில் தந்தி செய்தார். செகோவியா வாசித்தார், பரவிவிட்டது.

ஸ்டீல் தனிக் கதை. அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1920களில் ஸ்டீலுக்கென்றே பலமாகக் கட்டியது. உள்ளே பெருக்கல் குறி போலச் சட்டம். காரணம் இழுவிசை: நைலான் ஆறும் சேர்ந்து சுமார் 40 கிலோ, ஸ்டீல் 70 கிலோவைத் தொடும். தோரெஸ் வழிப் பலகை என்ன செய்யும், பாவம்!

கடையில் பார்க்கும்போது ஜாக்கிரதை. நைலான் கிடாரிலும் தடித்த மூன்று தந்திகள் உலோகம் சுற்றியவை, பளபளக்கும். மெல்லிய மூன்றைத் தொட்டுப் பாருங்கள். நான் தொடவில்லை.