வெளியே ராஜா, உள்ளே யார்?

பத்தே நாட்களில் எத்தனை வண்டி மாற்றலாம்? சினிமா நட்சத்திரங்களை விடுங்கள். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளைக் கேளுங்கள்! வைகாசி பிரம்மோற்சவத்தில் காலையில் ஒரு வாகனம், மாலையில் ஒரு வாகனம். அன்னம், சிம்மம், சேஷன், யானை, குதிரை... மூன்றாம் நாள் விடியற்காலை கருடன். அன்றைக்கு ஊரே தெருவில் நிற்கும். ஏழாம் நாள் தேர். ‘நேற்றையதைவிட இன்றைய அலங்காரம் எப்படி?’ என்று ஒப்பிட்டுப் பேசுவதும் உற்சவத்தில் ஒரு பகுதிதான். ஆக, வாகனங்களை ஒப்பிட்டுப் பார்ப்பது காஞ்சிக்காரர்களுக்குப் புதிதல்ல.

இப்போது அதே ஒப்பீடு வேறு இடத்தில் நடக்கிறது. ஐம்பது லட்சம், ஒரு கோடி என்று பணத்தை எண்ணி வைத்துக்கொண்டு, ‘பல வருஷமா அந்தக் கம்பெனி டீசல் வண்டி ஓட்டினேன். இப்ப கம்பெனியை மாத்தி, எலெக்ட்ரிக் எஸ்.யூ.வி. எடுக்கலாம்னு இருக்கேன். எது நல்லா இருக்கும்?’ என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். கேட்பவர் ஏதோ 21-ம் நூற்றாண்டுக் கேள்வி கேட்பதாக நினைத்துக்கொண்டிருப்பார். இல்லை. நூறு வருஷத்துக்கும் மேல் பழைய கேள்வி இது!

1900-ம் ஆண்டுக்குப் போவோம். அந்த வருஷம் அமெரிக்காவில் தயாரான மோட்டார் வண்டிகள் மொத்தம் 4,192. அதில் நீராவி வண்டி 1,681. மின்சார வண்டி 1,575. பெட்ரோல் வண்டியோ வெறும் 936! ஆமாம், மூன்றாம் இடம். காரணம் உண்டு. பெட்ரோல் வண்டி புகையைக் கக்கும், நாறும், காது கிழியக் கத்தும். கிளப்புவதற்கு முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைப் பிடித்து முழு பலத்தோடு சுற்ற வேண்டும். எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்தால் மணிக்கட்டு போச்சு! மின்சார வண்டியில் இந்த வம்பே கிடையாது. ஏறி உட்கார்ந்து விசையைத் தள்ளினால் போதும், சத்தமில்லாமல் நகரும். அதனால் பணக்கார வீட்டுப் பெண்கள் அதைத்தான் விரும்பினார்கள். உள்ளே வரவேற்பறை மாதிரி மெத்தை இருக்கை, திரைச்சீலை, பூங்கொத்து வைக்கச் சின்னதாக ஒரு ஜாடிகூட!

இதில் ஒரு வேடிக்கை. பெட்ரோல் காரை உலகத்துக்கே பழக்கிய ஹென்றி ஃபோர்டு இருக்கிறாரே... அவருடைய மனைவி கிளாரா ஓட்டியது எது தெரியுமா? 1914-ம் வருஷத்து டெட்ராய்ட் எலெக்ட்ரிக் வண்டி. கணவர் தயாரித்த ஃபோர்டு அல்ல, வேறு கம்பெனி! ‘பிராண்ட் மாற்றியவர்கள்’ பட்டியலில் முதல் பெயராக அந்த அம்மாளைத்தான் எழுத வேண்டும். ஒரு தடவை சார்ஜ் செய்தால் அந்த வகை வண்டி சுமார் 130 கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து காஞ்சிபுரம் போய், வரதரையும் காமாட்சியையும் தரிசித்துவிட்டு, பட்டுப் புடவையும் எடுக்கலாம். என்ன, திரும்பி வருவதற்குத்தான் சார்ஜ் போட வேண்டியிருக்கும்!

பிறகு ஏன் தோற்றது? 1908-ல் ஃபோர்டின் ‘மாடல் டி’ வந்தது. விலை வருஷத்துக்கு வருஷம் சரிந்து, 1920-களில் 300 டாலருக்கும் கீழே போனது. டெக்ஸாஸில் எண்ணெய் பீறிட்டது. ஊருக்கும் ஊருக்கும் நடுவே நல்ல சாலைகள் வந்தன. ‘தூரம் போகணும்’ என்ற ஆசையும் கூடவே வந்தது. கடைசி அடி 1912-ல் விழுந்தது. சார்லஸ் கெட்டரிங் என்ற எஞ்சினீயர் உருவாக்கிய ‘செல்ஃப் ஸ்டார்ட்டர்’ காடிலாக் காரில் பொருத்தப்பட்டது. இனி கைப்பிடியைச் சுற்ற வேண்டாம். அந்த ஸ்டார்ட்டர் என்பது என்ன? பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன மின்சார மோட்டார்! மின்சார வண்டியை ஒழித்துக்கட்டியது ஒரு மின்சார மோட்டார்தான் என்றால், சரித்திரத்தின் குறும்பை என்னவென்று சொல்வது?

இனி நம்ம ஊர்.

1985. அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தின் தலைநகரம் காஞ்சிபுரம்தான். அந்த மாவட்டத்தில் இருந்த வண்டலூரில், உயிரியல் பூங்கா திறக்கப்பட்ட அதே வருஷம், ‘ஸ்டாண்டர்டு’ கார் கம்பெனி ஒரு சொகுசுக் காரை அறிமுகப்படுத்தியது. பெயர், ஸ்டாண்டர்டு 2000. இந்தக் கம்பெனியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 1961-லிருந்து ‘ஹெரால்டு’ கார் தயாரித்துச் சென்னைக் குடும்பங்களின் செல்லப்பிள்ளையாக இருந்தது. ஹெரால்டின் தாய்நாடான இங்கிலாந்தில் இரண்டு கதவு மாடல்தான் விற்றது. நான்கு கதவு வைத்து விற்ற பெருமை நம்மவர்களுக்கு!

ஸ்டாண்டர்டு 2000-ஐப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். அசராமல் எப்படி இருப்பார்கள்? அதன் உடம்பு இங்கிலாந்தின் ‘ரோவர் எஸ்.டி.1’. 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற விருது வாங்கிய அழகி! அங்கே அதற்குள் கர்ஜித்தது 3.5 லிட்டர், எட்டு சிலிண்டர் எஞ்சின். இங்கே? கம்பெனி சுதந்திரம் வந்த புதிதில் ‘வான்கார்டு’ என்ற காரைத் தயாரித்ததே, அந்த வம்சத்து இரண்டு லிட்டர் எஞ்சினை எடுத்துப் பொருத்தினார்கள். ராஜா உடையில் கிழவனார்! வண்டி இழுக்கத் திணறியது. பெட்ரோலை மட்டும் திணறாமல் குடித்தது. சொன்ன மைலேஜ் வரவில்லை என்ற பேச்சு பரவியது. அதே நேரத்தில் சின்னஞ்சிறு மாருதி நாட்டையே வளைத்துக்கொண்டிருந்தது. 1988-ல் வண்டலூரில் கார் உற்பத்தி நின்றது. ஒரு கம்பெனியின் கதை முடிந்தது. கூடவே அதை நம்பியிருந்த தொழிலாளர் குடும்பங்களின் கதையும் திசை மாறியது.

ஸ்டாண்டர்டை மட்டும் சொல்வது நியாயமில்லை. 1984-ல் வந்த ‘கான்டெஸ்ஸா’வும் அதே ரகம்தான். பளபளக்கும் வாக்ஸால் உடம்புக்குள் அம்பாஸடரின் எஞ்சின்! பிற்பாடு ஜப்பானிய இசுஸு எஞ்சினைப் பொருத்தியதால் அது பிழைத்துக்கொண்டது. சொகுசு என்றால் உடம்புதான் என்று அப்போது இங்கே நினைத்தார்கள். வாங்கியவர்கள் அப்படி நினைக்கவில்லை.

இந்த இடத்தில் காஞ்சிபுரத்துப் பட்டுக்கடைக்குள் ஒரு நடை போய்வருவோம். விஷயம் தெரிந்த பாட்டி புடவை எடுக்கிறாள். நிறத்தில் மயங்கமாட்டாள். முதலில் புரட்டிப் பின்பக்கம் பார்ப்பாள். உடலும் கரையும் சேருமிடத்தில் கோர்வை போட்டிருக்கிறதா? கோர்வை என்றால் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைகளுக்கு இரண்டு நாடா என்று மூன்று நாடா ஓட்டி, இழையோடு இழை கோத்து நெய்வது. தறியில் கூட ஓர் ஆள் வேண்டும். புடவை கிழிந்தாலும் கரை பிரியாது என்பார்கள். அடுத்தது ஜரிகை. ஓர் இழையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிய வேண்டும். அதன்மேல் வெள்ளிக் கம்பி சுற்றி, அதற்கும் மேலேதான் தங்கப் பூச்சு. சிவப்புக்குப் பதில் வேறு ஏதாவது எட்டிப்பார்த்தால் பாட்டி எழுந்துவிடுவாள். 2005-ல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது இந்த ‘உள்ளே என்ன இருக்கிறது’ என்பதைக் காப்பாற்றத்தான்.

அந்தப் பாட்டியின் கண்ணை வாங்கிக்கொண்டு கார் கடைக்குப் போவோம், வாருங்கள்.

இந்தியாவில் சொகுசு மின்சார எஸ்.யூ.வி.க்களின் ஊர்வலம் 2020 அக்டோபரில் மெர்சிடிஸ் ஈ.க்யூ.சி.யோடு தொடங்கியது. 2021-ல் ஜாகுவார் ஐ-பேஸ், ஆடி இ-ட்ரான், பி.எம்.டபிள்யூ. ஐ.எக்ஸ். என்று வரிசையாக வந்தன. முதலில் வந்த ஈ.க்யூ.சி.யும் ஐ-பேஸும் இன்று கடையில் இல்லை. ஐந்து வருஷத்துக்குள் ஓய்வு! ஸ்டாண்டர்டு 2000-க்காவது மூன்று வருஷம்தான் ஆயுள், அது ஏழை நாட்டுக் கதை என்று சொல்லிவிடலாம். இவை உலகப் பெரும் கம்பெனிகள். மாடல் போனாலும் சர்வீஸ் இருக்கும் என்பது வேறு விஷயம். ஆனால், புதுத் தொழில்நுட்பத்தில் முதல் வரிசையில் நிற்பவர் இதையும் யோசிக்க வேண்டும்.

நம்ம பக்கத்திலேயே தயாராகும் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று, ஹூண்டாய் ஐயோனிக் 5. 2023 ஜனவரியில் வந்தபோது விலை சுமார் 45 லட்சம். ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையில் பாகங்கள் சேர்க்கப்பட்டன. இன்றைய காஞ்சிபுரம் மாவட்டம். இன்னொன்று, 2025 ஜனவரியில் வந்த பி.எம்.டபிள்யூ. ஐ.எக்ஸ்.1, நீளம் கூட்டிய மாடல். அறிமுக விலை 49 லட்சம். இது 2007-ல் தொடங்கிய, செங்கல்பட்டுப் பக்கத்து மகிந்திரா வேர்ல்டு சிட்டி தொழிற்சாலையின் பிள்ளை. அது தொடங்கியபோது அந்த இடமும் காஞ்சிபுரம் மாவட்டம்தான். 2019-ல் மாவட்டம் பிரிந்தது.

அறிமுகமானபோது ஐயோனிக் 5-ன் பேட்டரி 72.6 யூனிட், சோதனையில் சொன்ன தூரம் 631 கிலோமீட்டர். ஐ.எக்ஸ்.1-ன் பேட்டரி 66.4 யூனிட், தூரம் 531. ‘அட, நூறு கிலோமீட்டர் அதிகம்!’ என்று குதிக்காதீர்கள். இரண்டுமே சோதனைக்கூடத்துக் கணக்கு. ஏ.ஸி. போட்டு, நெடுஞ்சாலையில் வேகமாகப் போனால் கால் பங்கு, சில சமயம் அதற்கும் மேல் கழித்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். அப்படிக் கழித்தாலும் சென்னை - காஞ்சி போய்வர 150 கிலோமீட்டர், ஒரு பிரச்னையும் இல்லை. மதுரைக்குக் கிளம்பினால்தான் வழியில் சார்ஜர் எங்கே என்று பார்க்க வேண்டும். அங்கேயும் ஒரு சூட்சுமம். ஐயோனிக் 800 வோல்ட் வண்டி. மிகச் சக்தி வாய்ந்த சார்ஜர் கிடைத்தால் 10 சதவிகிதத்திலிருந்து 80-க்கு 18 நிமிஷத்தில் ஏறும். ஐ.எக்ஸ்.1-க்கு 29 நிமிஷம். ஆனால், நீங்கள் நிறுத்தும் இடத்தில் இருப்பது சாதாரண சார்ஜர் என்றால், 18 நிமிஷ வண்டியும் காபி, டிபன் முடியும்வரை சும்மா நிற்க வேண்டியதுதான்!

ஆக, பாட்டியின் கேள்விகள் இவை. பேட்டரிக்கு எத்தனை வருஷம், எத்தனை கிலோமீட்டர் உத்தரவாதம்? கொள்ளளவு எவ்வளவுக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள்? என் வீட்டில் சார்ஜர் வைக்க மின் இணைப்பு தாங்குமா? பழுது பார்க்கத் தெரிந்தவர் என் ஊரில் உண்டா? விற்கும்போது பேட்டரியின் உடல்நிலைக்குச் சான்று தருவார்களா? மின்சார வண்டிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவிகிதம்தான். பெரிய பெட்ரோல் எஸ்.யூ.வி.க்கு 2025 செப்டம்பரிலிருந்து 40. வாங்கும்போது கிடைக்கும் இந்த லாபம், விற்கும்போது கரையாமல் இருப்பது பேட்டரியின் கையில்தான். அது இந்த வண்டியின் ஜரிகை. கண்ணுக்குத் தெரியாது. ஆனால், விலையில் பெரும்பங்கு அதுதான். கண்ணாடிக் கூரை, பெரிய திரை, வாசனை வீசும் ஏ.ஸி. எல்லாம் புடவையின் நிறம். அவசியம் ரசியுங்கள், கடைசியில்!

இன்னொரு விஷயமும் இருக்கிறது. நாம் பிராண்ட் மாற்றுவது நமக்கு ஒரு கையெழுத்து. ஓர் ஊருக்கு அது தலையெழுத்து. 1990-களில் மறைமலை நகருக்கு ஃபோர்டு வந்தது. ஊர் வளர்ந்தது, வாடகை ஏறியது, கல்யாணப் பேச்சில் ‘பையன் ஃபோர்டுல இருக்கான்’ என்பது ஒரு தகுதியானது. 2021 செப்டம்பரில், இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துகிறோம் என்று அறிவித்தார்கள். குஜராத் ஆலையையும் சேர்த்துச் சுமார் 4,000 பேர் பாதிக்கப்படுவார்கள் என்று கம்பெனியே சொன்னது. 2022 ஜூலையில் கடைசி ‘ஈகோஸ்போர்ட்’ வெளியே வந்தது. வாங்குகிறவர்கள் வேறு பெயர்களுக்குப் போய்விட்டார்கள், அவ்வளவுதான்.

காஞ்சியில் தறிக்குழியை விட்டு எழுந்த எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் இன்று ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனி பஸ்ஸுக்காக விடியற்காலையில் நிற்கிறார்கள். அவர்களில் பலர் செய்வது பிஸ்டன், கிளட்ச், சைலன்ஸர், டீசல் பம்ப்பு. மின்சார வண்டியில் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது! விசைத்தறி வந்தபோது அப்பாவுக்கு நேர்ந்தது, மோட்டார் வந்தபோது பிள்ளைக்கும் நேருமா? ஹூண்டாய் 2023-ல் தமிழக அரசோடு போட்ட 20,000 கோடி ரூபாய் ஒப்பந்தத்தில், வருஷத்துக்கு 1,78,000 பேட்டரி தொகுப்புகள் சேர்க்கும் ஆலையும் உண்டு. காஞ்சிக்கு வெகு தொலைவில்லாத பனப்பாக்கத்தில் 2024 செப்டம்பரில் டாடா குழுமத்தின் 9,000 கோடி ரூபாய் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கதவுகள் திறக்கத்தான் செய்கின்றன. உள்ளே போக வேறு வித்தை கற்றிருக்க வேண்டும். கற்றுத் தர யாராவது வேண்டும்.

எனவே, அடுத்த தடவை கார் கடையில், ‘இதில் என்ன சார் விசேஷம்?’ என்று கேட்கும்போது இரண்டு கேள்வி சேர்த்துக் கேளுங்கள். ‘இதன் உள்ளே என்ன இருக்கிறது? இதில் எவ்வளவு இங்கே, எங்கள் பிள்ளைகளின் கையால் தயாராகிறது?’ முதல் கேள்வி உங்கள் பணத்தைக் காப்பாற்றும். இரண்டாவது, யாருடைய கம்பெனி பஸ் நாளைக்கும் வரும் என்பதைத் தீர்மானிக்கும்.